அமுங்காத பூதம்

பஞ்சு அண்ணன் தைத்த சோபாவில் யார் உட்கார்ந்து எழுந்தாலும் குழி விழாது. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். கடைக்கு முன்னால் போகிற ஆளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, எழுப்பி, "எந்த இடத்துல உக்காந்தீங்கன்னு காட்டுங்க பாப்போம்" என்பார். காட்ட முடியாது. அந்த ஆள் பாவம், மருந்து வாங்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனாலும் பஞ்சு அண்ணன் விடமாட்டார். தொழிலில் அவருக்கு இருந்த கர்வத்துக்குக் கடை போதவில்லை, தெருவும் வேண்டியிருந்தது.

பஞ்சு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பழைய சோபாக்களைக் கிழித்துக் கிழித்து அவர் புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைத்தெருவே அப்படிக் கூப்பிட்டது. கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப்பக்கம் அவரும், குடல் சரிந்து கிடக்கிற சோபாக்களும், பசை டின்களும். அந்தப்பக்கம் தையல் மிஷின். அதில் முன்பெல்லாம் அவர் மனைவி உட்காருவாள். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவருடைய தங்கைதான் உட்கார்ந்திருந்தாள்.

தங்கை கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு நாள் காலையில் சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து நின்றாள். மனைவி தலையைத் துவட்டிவிட்டு, மாற்றுத் துணி கொடுத்து, சூடாக டீ போட்டுக் கொடுத்தாள். டீயை வாங்கத் தங்கை கையை நீட்டியபோது மணிக்கட்டில் நான்கு விரல் பதிந்த நீலம் தெரிந்தது. பஞ்சு அண்ணன் அதைப் பார்த்தார். எழுந்து போய், இன்னும் பிரிக்க வேண்டிய முறை வராத ஒரு சோபாவைக் கத்தியால் கண்டபடி கிழித்துப் போட்டார்.

அதெல்லாம் சரி. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "தங்கச்சி வந்திருக்காப்பல இருக்கு?" என்பார்கள். "ஆமா, லீவுக்கு வந்திருக்கா" என்பார் பஞ்சு அண்ணன். மழை வலுத்தது, தெருவில் தண்ணீர் ஏறி இறங்கியது, பசை காயாமல் சோபாக்கள் தேங்கின. அவர் மட்டும் "லீவுக்கு வந்திருக்கா" என்பதை விடவில்லை. எந்த ஊரில் இப்படி ஒரு லீவு விடுகிறார்கள் என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் மிஷின் நிற்கும். கொஞ்சம் கழித்து மறுபடி ஓடும்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னா என்ன? 'அவ திரும்பிப் போகமாட்டா, இங்கதான் இருப்பா'ன்னு. நாக்கு சுளுக்கிக்குமா?"

"சொல்லாம எங்க போயிடப் போறேன். சமயம் வரட்டும்."

"எந்தச் சமயம்? அவ காது கேக்காத சமயமா?"

"ஜனங்க வாய் உனக்குத் தெரியாது."

"தெரியும். அதுக்கு வேலை குடுக்கறதே நீங்கதான். மூடி மூடி வெச்சாத்தான் அவங்களுக்கு மோந்து பாக்கத் தோணும்."

அவர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றார். கெட்ட மனிதர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். தெருவுக்குத்தான் பயந்தார். சோபா விஷயத்தில் புலியாக இருந்த ஆள் இந்த விஷயத்தில் பூனையாக இருந்தார் என்பதே உண்மை.

வியாபாரிகள் சங்கத்தின் வருஷாந்திர விழா நெருங்கியது. ஒவ்வொரு கடை வரிசையும் ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். பஞ்சு அண்ணன் இருந்த பின்வரிசையிலிருந்து எப்போதும் தேய்ப்புக்கடைக்காரர்தான் பாடுவார். போன வருஷம் அவர் பாடும்போது பாதியில் கரண்டு போனது. சபை எழுந்து நின்று கைதட்டியது. அதை அவர் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமும் பாடத் தயாராக, தொண்டையைச் செருமிக்கொண்டு பஞ்சு அண்ணன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். கூடவே சாவி செய்கிறவரும் வந்தார். அவர் காது கொஞ்சம் மந்தம், அதனால் பாட்டை ஆதரித்தார்.

"இந்தத் தடவை சோகப் பாட்டா எடுக்கலாம்னு பாக்கறேன்" என்றார் தேய்ப்புக்கடைக்காரர்.

"நாம நாடகம் போடலாம்" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மூவரும் திரும்பினார்கள். தங்கை வந்ததிலிருந்து அவள் குரல் கடைப்பக்கம் கேட்டது அன்றைக்குத்தான். அவள் எழுந்து தடுப்போரமாக வந்து நின்றாள், கையில் கத்தரியோடு.

"கதை என்கிட்ட இருக்கு. சின்ன நாடகம். சிரிப்பாவும் இருக்கும், பயமாவும் இருக்கும்."

"என்ன கதைம்மா?" என்றார் பஞ்சு அண்ணன்.

"ஒரு பொண்ணு கல்யாணமாகிப் போறா. மாமனார் மாமியார் எல்லாரும் நல்லாப் பேசறாங்க. மாப்பிள்ளை உள்ள தூங்கறான்னு சொல்றாங்க. எழுந்து வெளிய வந்தா, பூதம்."

"ஐயையோ" என்றார் தேய்ப்புக்கடைக்காரர்.

"பூதம்னு வீட்டுல யாருமே ஒத்துக்க மாட்டாங்க. தங்கமான பையன், கொஞ்சம் கோவக்காரன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதுதான் கதை."

சாவிக்காரர், "யாரு ஒத்துக்கலையாம்?" என்று கேட்டார்.

பஞ்சு அண்ணன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். தடுப்பைத் தாண்டி மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஒத்திகை கடையிலேயே நடந்தது. பழைய சோபாக்களை ஓரம் தள்ளினால் ஒரு மேடையளவு இடம் கிடைத்தது. தேய்ப்புக்கடைக்காரர் மாமியார், சாவிக்காரர் மாமனார், தங்கையே மணப்பெண். மாமியாருக்குத் தலையில் மாட்டக் கருப்பு நூலில் ஒரு கொண்டை தயாரானது. மீசையை எடுக்கத்தான் அவர் ஒப்பவில்லை.

"மாமியாருக்கு மீசை இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"இருக்கட்டும் சார். பூதத்தைப் பெத்தவங்கதானே" என்றாள் தங்கை. அவளே சிரித்தும்விட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள்.

தேய்ப்புக்கடைக்காரர் நடிப்பில் வெளுத்துக் கட்டினார். பாட்டில் இல்லாத சமாசாரம் எல்லாம் அவருக்கு நடிப்பில் இருந்தது. "வாம்மா மருமகளே. அவனுக்கு நகம் வெட்டிவிட்டா ரொம்பப் பிடிக்கும். அந்த ரம்பத்தை எடுத்துக்கோ" என்று அவர் சொன்னால் கடைக்கு வெளியே குடையோடு நிற்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். "கடிச்சானா? எங்க காட்டு. இவ்வளவுதானே? என் வீட்டுக்காரர் கடிச்சதைப் பாத்திருந்தா நீ என்ன சொல்லுவே!" என்பார். மாமனார் உடனே தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அப்புறம் பூதம் உறுமுகிற இடம் வரும். மணப்பெண் வீல் என்று கத்துவாள். மாமியார் ஓடிவந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, கனிவாக, "மெதுவா அலறும்மா. அக்கம்பக்கத்துல குடித்தனம் இருக்கு" என்பார்.

பஞ்சு அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் பார்த்திருந்தார், போன் காட்சி வரும்வரை. அந்தக் காட்சியில் மணப்பெண் பிறந்த வீட்டுக்குப் போன் பண்ணுகிறாள். எதிர்முனையில் பேசுவது சபைக்குக் கேட்காது. தங்கை ஒரு அட்டைத்துண்டைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நல்லா இருக்கியா? நான்... ம். நல்லா இருக்கேன். இல்லண்ணே, ஒண்ணு சொல்லணும். இங்க அவரு... ம். சரி. இல்ல, நான் எதிர்த்துப் பேசல. சரிண்ணே. அனுசரிச்சுக்கறேன். அண்ணியைக் கேட்டதாச் சொல்லு."

அட்டையைக் கீழே வைத்தாள். பஞ்சு அண்ணன் மெத்தை தைக்கிற கோணூசியை உள்ளங்கையில் குத்திக்கொண்டார். அந்தப் போன் எந்த நாள் வந்தது, அவர் எந்த சோபாவுக்கு ஆணி அடித்துக்கொண்டே பேசினார் என்பது எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் எல்லாரும் பார்ப்பது போல இருந்தது.

சாப்பிடும்போது மனைவியிடம் குமுறினார்.

"என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறா."

"உங்களைத் திட்டி ஒரு வார்த்தை இருக்கா அதுல?"

"இல்ல."

"நீங்க சொன்னதைக்கூட அவ சபையில சொல்லல. அவ பதிலை மட்டும்தான் சொல்றா. இதுக்கு மேல ஒருத்தி அண்ணனைக் காப்பாத்த முடியுமா?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்த் தங்கை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவள் பூதத்தின் கைக்குப் பச்சை ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பூதமா யாரு வராங்க?"

"ரொட்டிக்கடையில ஒரு ஆளைக் கேட்டிருக்கேன்."

"வேண்டாம். நான் வரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?"

"வேஷமா இருந்தாலும் உன்மேல கை ஓங்கற வேலையை வேற எவனுக்கும் குடுக்க முடியாது. நானா இருந்தா மெதுவா ஓங்குவேன்."

ரெக்சினைக் கொஞ்சம் அகலமாக வெட்டினாள், அவர் தோளுக்குத் தக்கபடி.

"முகமும் தெரியாது பாருங்க, அதான் வசதி" என்று மனைவி உள்ளேயிருந்து ஒரு குத்துக் குத்தினாள்.

"கடைசியில பூதம் என்னாகும்?" என்று அவர் தங்கையைக் கேட்டார்.

"செத்துடும். நான் துடைப்பத்தால வெளுப்பேன். பொத்துனு விழுந்து செத்துடும். திரை."

"நெஜத்துல நீ துரும்பைக்கூட எடுத்து அடிக்கல."

"அதனாலதானே எழுதினேன்."

அன்றிலிருந்து அவர் பூதத்தின் மேல் விழுந்து விழுந்து வேலை செய்தார். தங்கை தைக்க, அவர் அடைத்தார். பழைய சோபாவிலிருந்து எடுத்த பஞ்சை அடைத்தால் போதும் என்றாள் மனைவி. "ஒரு சாயங்காலம் போட்டுக் கழட்டறதுக்கு எதுக்கு இவ்வளவு? தொளதொளன்னு இருந்தாத்தான் பூதம்."

"தொளதொளன்னு ஒரு சாமான் என் கடையை விட்டுப் போகாது" என்றார் பஞ்சு அண்ணன். "சபையில எல்லாரும் என் கைவேலைன்னு பாப்பாங்க. குழி விழுந்த பூதத்தைக் காட்டச் சொல்றியா?"

முதல்தரமான ஃபோம் போட்டார். இடுப்புக்குப் பட்டைநாடா இழுத்துக் கட்டினார். பின்பக்கத்துக்கும் தொடைக்கும், மூன்றுபேர் உட்காருகிற சோபாவுக்கு வைக்கிற ஸ்பிரிங்குகளை வரிசையாகக் கோத்தார். ஈரக்காற்றில் பசை பிடிக்கவே மாட்டேன் என்றது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தார்கள். அடுப்படியில் பாதிக்குமேல் பூதமே இருந்தது. மனைவி அதைச் சுற்றி நடந்துதான் சூப் கிண்டினாள். பசை காய்வதற்கும் விழா வருவதற்கும் சரியாக இருந்தது. உடம்பைப் போட்டு ஒத்திகை பார்க்க நேரமே கிடைக்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும்.

விழா அன்றும் நல்ல மழை. மண்டபத்துத் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் மைக்குக்கே மூச்சு முட்டியது. வாசலில் குடைகள் குவிந்திருந்தன. முன்வரிசையில் மேஜை நாற்காலிக் கடை வைத்திருக்கிற சங்கத் தலைவர். பின்னால் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டு மனிதர்கள், ஈரத் துணி வாசம்.

திரை விலகியது. மாமியாரைப் பார்த்ததுமே சபை சிரித்து உருண்டது. மீசைக்கு மேல் பவுடர் அடித்திருந்தார் அந்த மகானுபாவர். மாமனார் காது கேட்காமல் நிஜமாகவே தவறான இடத்தில் தவறான பதில் சொல்ல, அதுவும் நன்றாகவே எடுபட்டது. பூதம் கதவை இடித்துக்கொண்டு வெளியே வந்தபோது முன்வரிசைக் குழந்தைகள் அலறினார்கள். பச்சை உடம்பு, பீங்கான் குமிழ் கண்கள், வாய் நிறைய ஜிப் பல். "பஞ்சு வேலைடா!" என்று யாரோ கத்தினார்கள். உள்ளே வேர்த்து வழிந்துகொண்டிருந்த பஞ்சு அண்ணனுக்கு அந்த நிமிஷமே உச்சி குளிர்ந்தது.

"மெதுவா அலறும்மா. அக்கம்பக்கத்துல குடித்தனம் இருக்கு."

சபை சிரித்தது. பூதத்தின் வாய் வழியாகப் பார்த்தால், பின்பாதியில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது தெரிந்தது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன் காட்சியில் தங்கை "அனுசரிச்சுக்கறேன்" என்றபோது கூரை மழையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பஞ்சு அண்ணன் பூதத்துக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தங்கை துடைப்பத்தோடு எதிரே நின்றாள்.

வெளுத்தாள். முதல் அடிக்கே சபை கைதட்டியது. அடுத்த அடியில் பூதம் தள்ளாடியது. மூன்றாவது அடிக்குப் பஞ்சு அண்ணன் திட்டப்படி பொத்தென்று பின்பக்கமாக விழுந்தார்.

விழுந்த வேகத்தில் எழுந்தார். அவர் எழவில்லை, ஸ்பிரிங் எழுப்பியது. மூன்றுபேர் உட்காரக் கட்டிய ஸ்பிரிங், ஒரே ஆளை என்ன பாடு படுத்தும்! சபை ஹோவென்று சிரித்தது. தங்கை மறுபடி அடித்தாள். அவர் மறுபடி விழுந்தார். மறுபடி நின்றார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார், முட்டியில் மடங்கிப் பார்த்தார். எதற்கும் ஸ்பிரிங் மசியவில்லை. கடைசியில் குப்புறப் படுக்கப் போனவரை வயிற்று ஃபோம் தூக்கிக் கொடுத்தது. குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

"சாக முடியலம்மா!" என்று பல்லிடுக்கில் கிசுகிசுத்தார்.

"ஏண்ணே?"

"ஸ்பிரிங்கு!"

தங்கை துடைப்பத்தை ஓங்கியபடி நின்றாள். மூச்சு வாங்கியது. நாடகம் கெட்டது, மானம் போனது, எல்லாம் என் கர்வத்தால் வந்த வினை என்று பஞ்சு அண்ணன் உள்ளே உருகிப்போனார். திரை இழுக்கிறவர் இழுப்பதா வேண்டாமா என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழித்தார். பூதம் செத்தால்தானே திரை?

அவள் துடைப்பத்தை மெதுவாக இறக்கினாள். பூதத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பயத்தோடு பார்க்கவில்லை. விலை படியாத சாமானைக் கடைசியாக ஒரு தரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ சாகவே மாட்டே, இல்ல?" என்றாள், கூரைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. "அடிச்சாலும் எழுந்துக்குவே. அழுதாலும் எழுந்துக்குவே. நான் திருத்திடலாம்னு பாத்தேன். சரி, நீ சாக வேண்டாம். நல்லா இரு. நான் கிளம்பறேன்."

துடைப்பத்தை மாமியார் கையில் கொடுத்தாள். மேடைப் படியில் இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே, சபைக்கு நேர் மத்தியில், தலை நிமிர்ந்து நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை. காலை நீட்டியிருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள்.

எழுதியதில் இப்படி ஒன்றுமே இல்லை. மேடையில் நின்ற தேய்ப்புக்கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் பிறவி மாமியார் அவர், வாய் ஓடியது.

"அடியே மருமகளே! நீ பாட்டுக்குப் போறியே, இவனை யாருடி பாத்துக்கறது?"

அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"பெத்தவங்க பாத்துக்குங்க!"

பின்பாதி மொத்தமும் எழுந்து நின்றது. பெண்கள் தட்டிய தட்டில் மழைச் சத்தம் காணாமல் போனது. கரண்டு போனதற்குத் தட்டின தட்டு இல்லை இது. மாமனார் வேஷத்தில் இருந்த சாவிக்காரர், ஒன்றும் காதில் விழாவிட்டாலும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூதத்துக்குள்ளே பஞ்சு அண்ணன் குலுங்கி அழுதார், ஸ்பிரிங்கெல்லாம் கிறீச்சிட்டன. என் தங்கச்சி, என் தங்கச்சி என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் ஆயுசில் தைத்த எந்த சோபாவுக்கும் அவர் இப்படிப் பூரித்ததில்லை.

தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். கைதட்டல் அடங்குவதாக இல்லை; கையைத் தூக்கி அடக்கினார்.

"பிரமாதம். இந்த வருஷம் பரிசு பின்வரிசைக்குத்தான், அதுல பேச்சுக்கே இடமில்ல. இதை எழுதி நடிச்சது யாருன்னு பலபேருக்குத் தெரிஞ்சிருக்காது. நம்ம பஞ்சு வீட்டுக்கு லீவுக்கு வந்திருக்கிற..."

"லீவு இல்லீங்க" என்றது பூதம்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். மைக்கைக் கொஞ்சம் அந்தப்பக்கம் நீட்டினார். "என்னப்பா?"

"லீவு இல்லீங்க தலைவரே. என் தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா."

ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் உள்ளேயிருந்து வந்த குரல் அமுங்கி, மழையில் கரைந்து, முன்வரிசையோடு நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். வாசல்படியில் சாரலில் நனைந்துகொண்டு நின்ற தங்கை, கையை வாய்க்குக் குவித்து, சின்ன வயதில் தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள்.

"அண்ணே! பின்னாடி கேக்கல! சத்தமாச் சொல்லு!"

பஞ்சு அண்ணன் கழுத்துத் தையலைப் பிய்த்துப் பூதத்தின் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். புருவமெல்லாம் பஞ்சும் கன்னமெல்லாம் கண்ணீருமாக, அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்க்க, மறுபடியும் சொன்னார்.